கச்சா எண்ணெய்க்குத் தேர்தல் தேதி தெரியுமா?

எதிரணி நண்பர் ரொம்ப உருக்கமாப் பேசிட்டு உட்கார்ந்தார். பெட்ரோல் விலையை உலகச் சந்தைதான் தீர்மானிக்குதாம்; ஆட்சியாளர்கள் பாவமாம், அவங்க என்ன செய்வாங்களாம்!

1973-க்கு அது பொருந்தும், ஒத்துக்கறேன். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின நேரம். சில மாசத்துல கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கு ஆச்சு. இந்திரா காந்தி அரசு இங்கே பெட்ரோல் விலையை ஏத்துச்சு. அந்த நவம்பர்ல வாஜ்பாய் என்ன செஞ்சார்? மாட்டு வண்டியில ஏறி நாடாளுமன்றத்துக்கே வந்தார்! நாடே பார்த்தது.

அதே வாஜ்பாய் பிரதமரானார். அதுவரைக்கும் உலகத்துல என்ன விலை ஏறினாலும், டில்லி சொன்னாத்தான் இங்கே ஏறும். அந்த ஏற்பாட்டை 2002-ல கைவிட்டது அவருடைய அரசுதான். எந்தத் தேதியில தெரியுமா? ஏப்ரல் 1! (சிரிப்பு)

அடுத்து மன்மோகன் சிங். 2008 ஜூலையில பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. முழுச் சுமையையும் நம்ம தலையில வைக்க மனசு வரலை. எண்ணெய் நிறுவனங்களுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தாங்க, அண்ணாச்சி கடையில 'நோட்டுல எழுதிக்குங்க'ன்னு சொல்ற மாதிரி. எழுதினது ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலே! 2010 ஜூன்ல பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்தாங்க.

2014-ல மோடி அரசு வந்தது. அக்டோபர்ல டீசல் கட்டுப்பாடும் போச்சு. 2016 ஜனவரியில கச்சா எண்ணெய் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. உலகச் சந்தைதான் விலையைத் தீர்மானிக்குதுன்னா, நம்ம ஸ்கூட்டருக்கு அன்னைக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கணுமே? நடுவுல வரி வந்து உட்கார்ந்துக்கிச்சு. 2014 தொடக்கத்துல லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசா இருந்த மத்திய கலால் வரி, 2020 மே மாசம் 32 ரூபாய் 98 காசு! ஊரடங்குல வண்டியெல்லாம் வாசல்ல தூங்குது. வரி மட்டும் நடை போகுது. 2021-ல வரியை ஏன் குறைக்கலைன்னு கேட்டா, நிதியமைச்சர் அந்தப் பழைய கடன் பத்திரத்தைக் காட்டினார்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பெட்ரோல் வரியில 5 ரூபாய் குறைச்சாங்க, நன்றி. அப்புறம் 137 நாள் விலையில அசைவே இல்லை. இடையில உத்தரப் பிரதேசம், பஞ்சாப்னு அஞ்சு மாநிலத் தேர்தல். உக்ரைன் போரில் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும் பங்க் மீட்டர் வாயைத் திறக்கலை. 2022 மார்ச் 10-ல ஓட்டு எண்ணினாங்க. 22-ம் தேதி பெட்ரோல் 80 காசு ஏறுது; அன்னைக்கே சிலிண்டருக்கு 50 ரூபாய். எங்க வீட்டுல அன்னைக்குக் காபியே கொஞ்சம் தாமதமாத்தான் வந்தது!

எதிரணி நண்பர் ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லட்டும். கச்சா எண்ணெய்க்கு ஓட்டு எண்ணுற தேதியை யாருங்க சொன்னது?