குழாய் மணிகள்: கோபுர ஒலியின் வரலாறும் பாதுகாப்பும்

தமிழில் 'மணி' என்னும் சொல் ஒலிக்கும் கருவியையும் பொழுதின் அளவையும் ஒருங்கே குறிக்கிறது. ஆங்கிலத்தில் கடிகாரத்தைச் சுட்டும் 'கிளாக்' என்பதும் மணியைக் குறித்த 'குளோக்கா' என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. ஊரார் பொழுதைச் செவியால் அறிந்த காலத்தை இச்சொற்கள் நினைவூட்டுகின்றன. அம்மரபில் பிற்காலத்தே கிளைத்ததே குழாய் மணி.

வார்ப்பு மணிகளின் தொகுதியைக் கோபுரத்தில் ஏற்றுவதற்குப் பெரும் எடையைத் தாங்கும் கட்டுமானமும் மிகுந்த பொருளும் தேவை. சிறிய தேவாலயங்களுக்கு அது எட்டாக்கனி. 1880களில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் ஹாரிங்டன், நீண்ட உலோகக் குழாய்களைத் தொங்கவிட்டு அடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எடையும் விலையும் குறைந்தன. அமெரிக்காவில் அவ்வுரிமையைப் பெற்ற வால்டர் டர்ஃபீ, இக்குழாய்களை நெடுங்கடிகாரங்களில் பொருத்தினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து மெத்யூன் நகரில் கோபுரங்களுக்கான குழாய் மணிகள் செய்யப்பட்டன. தொடக்கத்தில் ஒருவர் நெம்புகோல்களை அழுத்த, கயிறுகள் மேலிருந்த சுத்தியல்களை இயக்கின. 20ஆம் நூற்றாண்டில் சிகாகோவின் டீகன் நிறுவனம் மின்விசையாலும் துளையிட்ட காகிதச் சுருள்களாலும் அவற்றைத் தானே இசைக்கச் செய்தது.

இம்மணியின் ஒலியில் வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. குழாயை அடிக்கும்போது பல அதிர்வுகள் ஒருங்கே எழுகின்றன. அவற்றுள் நான்காம், ஐந்தாம், ஆறாம் அதிர்வெண்கள் ஏறத்தாழ 2:3:4 என்னும் விகிதத்தில் அமைகின்றன. இதைக் கேட்கும் செவி, 1 என்னும் இடத்திற்குரிய சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நாம் மணியின் சுரமாக உணர்வது அதனையே. அச்சுரத்திற்கு நேரான அதிர்வு குழாயில் இல்லை. கேட்போரின் செவியே அதனை முழுமையாக்குகிறது.

பாதுகாப்புப் பணிக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. குழாயின் அதிர்வெண் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆதலால் ஓர் எண்மம் உயர்ந்த சுரத்திற்கு நீளத்தைப் பாதியாக்க வேண்டியதில்லை. பத்தில் ஏழு பங்கு போதும். சிறிது வெட்டினாலும் சுரம் ஏறிவிடும். வெட்டியதை மீட்க இயலாது. எனவே பழைய குழாயின்மேல் அரத்தை வைக்குமுன் அதன் நீளம், விட்டம், சுவர்த்தடிப்பு ஆகியவற்றை அளந்து பதிவு செய்தல் வேண்டும்.

பெரும்பாலும் முதலில் பழுதாவன குழாய்கள் அல்ல. தாங்கும் கயிறுகள் நைகின்றன, சுத்தியலின் தோல் இறுகுகிறது, மின்தொடர்புகள் துருப்பிடிக்கின்றன. தோல் இறுகினால் ஒலி கடுமையாகிறது. கேட்போர் குறையைக் குழாயின்மேல் ஏற்றுகின்றனர். தோலை மாற்றினால் தீரக்கூடிய இக்குறைக்காகக் குழாய்களையே கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் பதிவொலியை ஒலிபரப்பினால், கோபுரம் பேசுவது போலத் தோன்றும். ஆயின் அங்கே அடிபடும் உலோகம் இராது.

இன்று குழாய் மணிகளைக் கோபுரங்களுக்கெனச் செய்துதந்த பழைய பட்டறைகள் இல்லை. ஒரு குழாய் தொலைந்தால் அத்தொகுதியின் இசைவரிசை முறிகிறது. ஆகவே குழாய்களோடு நெம்புகோற் சட்டகம், சுத்தியல், காகிதச் சுருள், பராமரிப்புக் குறிப்பேடு ஆகிய யாவற்றையும் ஒரே தொகுதியாகக் காத்தல் வேண்டும். இயன்றவரை அவற்றை ஒலிக்கவும் செய்தல் வேண்டும். பேசுவாரற்ற மொழி ஏட்டில் எஞ்சுவதுபோல, அடிப்பாரற்ற குழாயும் அருங்காட்சியகத்தில் எஞ்சலாம். கேட்கும் செவி இருந்தால்தான் அதன் சுரம் பிறக்கும்.