ஆண்டிபட்டி: வேட்பாளர் வராத களம், உறுப்பினர் இல்லாத தொகுதி

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குச் செல்லும் சாலை கணவாயைத் தாண்டி இறங்கியதும் வரும் ஊர் ஆண்டிபட்டி. ஊரை ஒட்டி நெசவாளர்கள் வாழும் ஜக்கம்பட்டி. வடக்கே வைகை அணை. தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை. அவற்றுக்கும் அப்பால் மூல வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகள். பெரும்பகுதி மானாவாரி நிலம். 1997 தொடக்கத்தில் தேனி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

தமிழகத் தேர்தல் வரலாற்றில் ஆண்டிபட்டி 'வி.ஐ.பி. தொகுதி' என்றே பெயர் வாங்கியிருக்கிறது. முதலமைச்சர் பொறுப்பு வகித்த மூவர் இங்கே போட்டியிட்டிருக்கிறார்கள். அவர்களில் இருவரை இத்தொகுதி வெற்றிபெற வைத்தது, ஒருவரைத் தோற்கடித்தது. ஆனால் பெரிய பெயர்களின் வரிசையோடு நின்றுவிட்டால் ஆண்டிபட்டியின் உண்மையான முக்கியத்துவம் கண்ணில் படாமல் போய்விடும். தேர்தலில் நிற்கும் தகுதி யாருக்கு உண்டு, வென்றவர் எதுவரை உறுப்பினராக நீடிக்கலாம் என்னும் இரு கேள்விகளும் தமிழகத்தில் வேறெந்தத் தொகுதியிலும் இத்தனை முறை உரசிப் பார்க்கப்பட்டதில்லை. அந்தக் கேள்விகளின் வழியே இத்தொகுதியின் 1980 முதல் 2021 வரையிலான வரலாற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவமனையில் வேட்பாளர்

1980 தேர்தலில் ஆண்டிபட்டியில் அ.தி.மு.க. சார்பில் வென்றவர் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராஜேந்திரன். 1962இல் பக்கத்துத் தேனித் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக வென்று சட்டமன்றம் சென்றவர் அவர். இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் திரைப்பட நடிகர் என்று அப்போது பேசப்பட்டார். ஆகவே திரைமுகம் ஆண்டிபட்டிக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது, திரைமுகம் நேரில் வராமலே வென்றது.

எம்.ஜி.ஆர். ஒவ்வொரு காலகட்டத்திலும் தொகுதி மாறியவர். 1967, 1971 தேர்தல்களில் பரங்கிமலை, 1977இல் அருப்புக்கோட்டை, 1980இல் மதுரை மேற்கு, 1984இல் ஆண்டிபட்டி. அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இடையில் பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டார். நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்துத் தமிழகச் சட்டமன்றத்துக்கும் தேர்தல் வந்தது.

வேட்பாளர் நேரில் வந்து மனுத் தாக்கல் செய்யாவிட்டாலும் சட்டப்படி தடையில்லை, முன்மொழிபவர் கொடுத்தால் போதும். ஆனால் அரசியலமைப்பின் 173ஆவது பிரிவு கேட்கும் உறுதிமொழியை வேட்பாளரே எடுத்தாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் அதை எடுத்துக்கொள்ளத் தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு இடம்தருகிறது. பலரும் அறியாத இந்தச் சிறு ஏற்பாடு இருந்ததால்தான் கடல் கடந்த நோயாளி ஒருவர் ஆண்டிபட்டியின் வேட்பாளராக முடிந்தது.

பிரசாரம் படங்களின் வழியே நடந்தது. மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். உணவு உண்பதும் நாளிதழைப் பார்ப்பதுமான காட்சிகள் ஒளிப்படமாகவும் வீடியோவாகவும் ஊர் ஊராகக் காட்டப்பட்டன. தலைவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றே அந்தத் தேர்தலின் முதன்மையான வாக்குறுதி ஆயிற்று. டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர். 32,484 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். மாநில அளவில் அ.தி.மு.க. 132 இடங்களைப் பிடித்தது. 1985 பிப்ரவரி 4 அன்று தாயகம் திரும்பியவர், 10ஆம் தேதி மூன்றாம் முறையாக முதலமைச்சரானார். தொகுதியில் ஒரு நாள்கூட வாக்குக் கேட்காத வேட்பாளரின் வெற்றி இது.

ஜானகியின் தோல்வி

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். அவர் மனைவி வி.என். ஜானகி 1988 ஜனவரியில் சில வாரங்கள் முதலமைச்சராக இருந்தார். பின்னர் ஆட்சி கலைக்கப்பட்டது. அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் நின்றன.

கணவர் வென்ற ஆண்டிபட்டியில் ஜானகி போட்டியிட்டார். மக்களின் அனுதாபம் அவர் பக்கம் இருக்கும் என்ற கணக்கு பொய்த்தது. தி.மு.க.வின் ஆசையன் வென்றார். அதே தேர்தலில், அதிக தொலைவில்லாத போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். எம்.ஜி.ஆருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு வைகைக் கரை மக்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீர்ப்புகளை எழுதினார்கள். ஜானகி அரசியலிலிருந்து விலகினார். அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. 1991இல் அ.தி.மு.க.வின் தவசி வென்றார். 1996இல் மாநிலமெங்கும் வீசிய எதிர்ப்பலையில் ஆசையன் மீண்டும் வென்றார்.

இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 1980 முதல் 2021 வரை இடைத்தேர்தல்களையும் சேர்த்து இங்கே நடந்த 12 தேர்தல்களில் எட்டை அ.தி.மு.க.வும் நான்கைத் தி.மு.க.வும் வென்றன. அந்த நான்கில் 1989, 2019 இரண்டும் அ.தி.மு.க. உடைந்திருந்த காலம். 1996, 2021 இரண்டும் மாநிலத்தில் ஆட்சியே மாறிய காலம். தனியாக ஆண்டிபட்டி மட்டும் அணி மாறியது என்று சொல்ல இந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தேர்தலும் இல்லை.

தள்ளுபடியான மனு

2001 ஏப்ரலில் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் மனுத் தாக்கல் செய்தார். டான்சி நில வழக்கில் 2000 அக்டோபரில் தனி நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. இரண்டு தொகுதிகளுக்கு மேல் ஒருவர் நிற்கக் கூடாது என்று 1996இல் சேர்க்கப்பட்ட விதியும் குறுக்கே நின்றது. நான்கு மனுக்களும் தள்ளுபடி ஆயின.

வேட்புமனுப் பரிசீலனையை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மாநிலத்தின் மிகப் பெரிய எதிர்க்கட்சித் தலைவரின் மனுவை ஒரு தேர்தல் நடத்தும் அலுவலர் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி ஒதுக்கிவைக்க முடியும் என்பதை அன்று தமிழகம் கண்டது. மாற்று வேட்பாளராக இருந்த தங்க தமிழ்ச்செல்வன் ஆண்டிபட்டியின் அ.தி.மு.க. வேட்பாளரானார், வென்றார். கட்சி பெரும்பான்மை பெற்றது. மே 14 அன்று ஆளுநர் பாத்திமா பீவி ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்னும் 164(4)ஆவது பிரிவே இதற்குத் துணை.

அந்தத் துணை நிற்குமா என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஆராய்ந்தது. பி.ஆர். கபூர் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுவது இதுதான். 2001 செப்டம்பர் 21 அன்று வந்த தீர்ப்பின் சாரம்: ஆறு மாதச் சலுகை, உறுப்பினராகும் தகுதி உடையவருக்கே உரியது. தகுதி இழந்தவரை மக்கள் ஆதரவைக் காரணம் காட்டி முதலமைச்சராக நியமிக்க முடியாது. ஜெயலலிதா பதவி இழந்தார், பெரியகுளம் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை டான்சி வழக்கிலிருந்து விடுவித்தது. அவர் போட்டியிட வழிவிட்டுத் தங்க தமிழ்ச்செல்வன் உறுப்பினர் பதவியைத் துறந்தார். 2002 பிப்ரவரி 21 அன்று நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் வைகை சேகரை 41,201 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று, மார்ச் 2 அன்று ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சரானார். மனு தள்ளுபடியான அதே தொகுதியிலேயே வென்று திரும்பியது தற்செயல் அல்ல, திட்டமிட்ட அரசியல் பதில். 2006இல் ஆட்சி கைவிட்டுப் போன தேர்தலிலும் ஆண்டிபட்டி அவரைக் கைவிடவில்லை. தி.மு.க.வின் சீமானைவிட 25,186 வாக்குகள் அதிகம் தந்தது. 2011இல் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போனார். ஆண்டிபட்டி மறுபடி தங்க தமிழ்ச்செல்வனுக்கு வந்தது. 2016இலும் அவரே வென்றார்.

ஒரு கடிதமும் இருபது மாதங்களும்

ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி மீண்டும் உடைந்தது. 2017 ஆகஸ்ட் 22 அன்று டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று தனித்தனியே கடிதம் கொடுத்தனர். ஆண்டிபட்டி உறுப்பினர் அவர்களில் முன்னணியில் நின்றவர். பக்கத்துக் கம்பம் தொகுதியின் ஜக்கையன் மட்டும் பின்னர் அணி மாறினார். எஞ்சிய 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்தார். அவையில் கட்சிக்கு எதிராக அவர்கள் வாக்களிக்கவில்லை. ஆளுநரிடம் கொடுத்த கடிதமே கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகத் துறந்ததற்குச் சமம் என்று, கட்சித்தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையின் கீழ் முடிவு செய்யப்பட்டது.

வழக்கு நடக்கும் வரை இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாம் நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதி செய்தார். மேல்முறையீடு இல்லை.

2019 ஏப்ரல் 18 அன்றுதான் ஆண்டிபட்டிக்கு இடைத்தேர்தல் வந்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஆண்டிபட்டி நகரில் ஒரு கடை வளாகத்தில் சோதனைக்குச் சென்ற அதிகாரிகள் 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றினார்கள். கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பணம் கட்டுக்கட்டாக அல்ல, பொட்டலம் பொட்டலமாக இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் வார்டு எண், அந்த வார்டின் வாக்காளர் எண்ணிக்கை, ஆளுக்கு 300 ரூபாய் என்னும் விவரம் எழுதப்பட்டிருந்தது. வாக்காளர் பட்டியலையே பட்டுவாடாப் பட்டியலாக மாற்றும் கைப்பழக்கம் எத்தனை ஒழுங்கோடு இயங்குகிறது என்பதை அந்தப் பொட்டலங்கள் காட்டின.

போட்டியும் விசித்திரமானது. தி.மு.க. வேட்பாளர் மகாராஜன் அண்ணன், அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜன் தம்பி. அண்ணன் 87,079 வாக்குகளும் தம்பி 74,756 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 12,323. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆண்டிபட்டி தி.மு.க. வசமானது. 2021இல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். அப்போதும் அண்ணனுக்கே வெற்றி, ஆனால் வித்தியாசம் 8,538ஆகக் குறைந்தது. தகுதிநீக்கம் செய்யப்பட்ட தங்க தமிழ்ச்செல்வன் 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தேனியில் தோற்று, தி.மு.க.வில் சேர்ந்து, 2024இல் அதே தேனியின் மக்களவை உறுப்பினரானார்.

தொகுதிக்கு என்ன கிடைத்தது?

தலைவர்களின் தொகுதியாக இருந்ததால் ஆண்டிபட்டி சில நன்மைகளைப் பெற்றது. ஜெயலலிதா உறுப்பினராக இருந்த காலத்தில் க. விலக்கில் தொடங்கப்பட்ட தேனி அரசு மருத்துவக் கல்லூரி அவற்றில் பெரியது. மறுபக்கம், வைகை அணை தொகுதி எல்லைக்குள் இருந்தும் அதன் பாசனம் கிழக்கே மதுரைக்கும் அப்பால் உள்ள மாவட்டங்களுக்கும் போகிறது. கடமலை–மயிலை ஒன்றியத்து உழவர்கள் மூல வைகையில் நீரைத் தேக்கக் கேட்பதும், ஆண்டிபட்டிக் கண்மாய்களுக்கு நீர் கேட்பதும் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாக வந்துபோகும் கோரிக்கைகள். பெரிய பெயர் வென்றால் பெரிய கோரிக்கை நிறைவேறும் என்ற எதிர்பார்ப்புக்கு இத்தொகுதி முழுச் சான்றாகவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு, 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரையிலான இருபது மாதங்கள். அக்காலம் முழுவதும் ஆண்டிபட்டி மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால் அந்தக் காலவரம்பு உயிரற்ற எழுத்தாகிவிடுகிறது. தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றாவது அதே சட்டம் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கட்சித்தாவல் புகார்களைப் பேரவைத் தலைவர் மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆனால் தகுதிநீக்கத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குக்குச் சட்டத்தில் எந்தக் கெடுவும் இல்லை.

வெளிநாட்டு மருத்துவமனையில் இருப்பவர் எப்படி உறுதிமொழி எடுப்பது என்பது வரை யோசித்து வழி வகுத்த தேர்தல் முறை இது. உறுப்பினர் இல்லாத வாக்காளரைப் பற்றியும் அதே அக்கறையோடு யோசிக்க வேண்டும். தகுதிநீக்க வழக்குகள் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று பத்தாவது அட்டவணையிலேயே எழுத வேண்டும். தங்கள் பகுதியிலிருந்து நாடாளுமன்றம் செல்லும் உறுப்பினர்களிடம் இந்தத் திருத்தத்தைக் கேட்பது, ஆண்டிபட்டி மக்களுக்கு வேறெந்தத் தொகுதி மக்களையும்விட அதிகம் உரிமையுள்ள கோரிக்கை.