செக்ரோலில் ஒரு வாத்தியார், சரிவில் ஒரு மைதானம்: வலப்பனைத் தோட்டப் பாடசாலைகள் பற்றிய ஓர் ஆய்வு

மலையகத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு இதுவரை பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த ஆண்டில் எந்தக் கட்டளைச் சட்டம் வந்தது, எத்தனை பாடசாலைகள் பதிவாயின, இடாப்பில் எத்தனை பிள்ளைகளின் பெயர் இருந்தது என்ற வரிசையில் அது நகரும். அஞ்செலா லிட்டில் 1999இல் வெளியிட்ட ‘லேபரிங் டு லேர்ன்’ தோட்டக் கல்வியைத் தோட்டப் பொருளாதாரத்தோடு சேர்த்துப் பார்த்த முக்கியமான நூல். அந்தப் பார்வையை ஒட்டி, இக்கட்டுரை இரண்டு சிறிய கேள்விகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? பிள்ளைகள் விளையாடிய நிலம் யாருடையது?

ஆசிரியர்களில் யார் புதிதாகச் சேர்ந்தார், யார் மாற்றலாகிப் போனார், விடுமுறையில் என்ன விளையாட்டுப் பயிற்சி நடந்தது என்பன ஒரு கல்லூரியின் சாதாரணச் செய்திகள். தோட்டத்தில் ஆசிரியர் நியமனம், விளையாட்டு நிலம் ஆகிய இரண்டுமே தலைமுறை தலைமுறையாகத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், தீர்மானித்த காரியங்கள். பாடசாலை அரசின் கைக்கு வந்த பிறகு முதலாவது மாறியது. மற்றது பாதிதான் மாறியது.

வலப்பனையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. மலையகம் பற்றிய எழுத்துகளில் ஹட்டனும் தலவாக்கலையும் கொட்டகலையும் வருமளவுக்கு நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குச் சரிவு வருவதில்லை. மேலே இராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் எனத் தேயிலை. கீழே மகாவலியை நோக்கி இறங்கும் சிங்களக் கிராமங்களின் வயல்கள். 1880களில் அந்த வயல்காரர்கள் தானிய வரி கட்ட முடியாமல் நிலங்களை இழந்தார்கள். உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் அந்த அவலத்தை வெளிக்கொண்டு வந்தார். பெரும் கண்டனம் எழுந்து 1892இல் வரி நீக்கப்பட்டது. அதே பத்தாண்டில்தான் மேற்சரிவுகளில் கோப்பி அழிந்த இடங்களில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. ஒரே பிரதேசத்தில் ஒரு சமூகம் நிலத்தை இழந்துகொண்டிருக்க, இன்னொரு சமூகம் காணி உறுதி எதுவும் இல்லாமல் லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குள் குடியேறியது. இங்கே பாடசாலைக்கு ஒரு துண்டு நிலம் கேட்பது ஏன் இவ்வளவு சிக்கலான காரியமாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இந்தப் பின்னணியை ஒதுக்கிவிட முடியாது.

தேயிலை கொண்டுவந்த பள்ளி

கோப்பிக் காலத்தில் தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆட்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்து, பருவம் முடிய ஊர் திரும்பினார்கள். 1854இல் தொடங்கப்பட்ட ‘தமிழ்க் கூலி மிஷன்’ ஆங்காங்கே எழுத்தறிவித்தது உண்மைதான். ஆனால் அலைந்துகொண்டிருந்த மக்களிடையே பள்ளி நிலைக்கவில்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, வலப்பனைக்கு அப்பால் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் தங்கினால் குடும்பம் தங்கும், குடும்பம் தங்கினால் பிள்ளைகள் இருப்பார்கள். தோட்டப் பள்ளியின் பிறப்பு இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1904இல் சிறு ரயில் பாதை வந்தபோது, இப்பக்கத்துத் தோட்டங்களில் ஒரு தலைமுறை லயத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தது.

தொடக்கத்தில் இருந்தவை ஆள்சேர்த்து வேலைவாங்கிய கங்காணிமாரின் ஆதரவில் நடந்த இராப்பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகளும். மணலில் அரிச்சுவடி, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் பாரதக் கதை. கல்வி பற்றிய 1905ஆம் ஆண்டின் வேஸ் ஆணைக்குழுவுக்குப் பிறகு, 1907இன் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் தலையில் வைத்தது. 1920இன் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அனுப்பக்கூடாது என்றும் அது விதித்தது. இந்த விதியை நன்றாகப் படிக்க வேண்டும். பிள்ளை வேலை செய்யக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பத்து மணிவரை பள்ளிக்கு, அதன் பின் மலைக்கு என்ற ஏற்பாட்டைத்தான் அது ஒழுங்குபடுத்தியது. கல்வி நேரத்தைத் தீர்மானித்தது விடியலில் பேர் கூப்பிடும் பிரட்டும் கொழுந்து நிறுவையும்தான்.

இந்த அமைப்பில் வாத்தியாரின் இடம் எது? பாடசாலையின் முகாமையாளர் தோட்டத்துரை. அரசு மேற்பார்வையாளரை அனுப்பி உதவிப் பணம் கொடுத்தது. வாத்தியாரை நியமித்ததும் நீக்கியதும் தோட்டம். கொழுந்தெடுப்பவரைப் போல அவரும் தோட்டத்தின் ஆள், செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டின் உலகத்துக்குள் அடங்கியவர். பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. பகலில் பாடம், மாலையில் லயத்து மக்களின் கடிதம் வாசிப்பவர், எழுதுபவர். சில இடங்களில் தோட்டக் காரியாலயத்தில் கைக்கு உதவியாகவும் இருந்தார். இந்த மனிதரைப் பற்றி நம் இலக்கியமும் ஆய்வும் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். கங்காணிக்கும் துரைக்கும் கிடைத்த பக்கங்கள் வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை. பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர் அவர் என்பதால், கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாக்கித் தொழிற்சங்கம் கட்டிய நாட்களிலும், 1939இல் இலங்கை இந்திய காங்கிரஸ் உருவான பின்னரும், எழுத்தறிந்தவர்கள் மீது நிருவாகத்தின் சந்தேகக்கண் விழுந்தது இயல்பு. வெளியார் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைவதே அத்துமீறல் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. வேலை போனால் வீடும் போகும் நிலையில் இருந்த ஒருவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது நியாயமல்ல. இருந்தும் சிலர் துணிந்தார்கள். ஆசிரியராகப் பணியாற்றிய சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவிய கே. இராஜலிங்கம் அதே தேர்தலில் நாவலப்பிட்டியில் வென்றார்.

சமதரை யாருக்கு

மலைநாட்டில் அரிதான பொருள் சமதரை. அது முதலில் யாருக்குப் போனது என்பதை நுவரெலியா நகரமே சொல்லும். குதிரைப் பந்தயத் திடல் 1875இல், ஹில் கிளப் 1876இல், கோல்ஃப் மைதானம் 1889ஐ ஒட்டி. டிக்கோயாப் பக்கம் டரவெல்லாவிலும் நானுஓயாவுக்கு அருகே ரதெல்லையிலும் துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடினார்கள். தோட்டத்துக்குள்ளே எஞ்சிய சமதரையில் தொழிற்சாலையும் பங்களாவும் நின்றன. லயமும் பள்ளியும் சரிவுக்குத் தள்ளப்பட்டன.

தொழிலாளர் பிள்ளைகளுக்கு மிஞ்சியது பிரட்டுக்களம். விடியலில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுத்த அதே களத்தில், மாலையில் கிளித்தட்டும் சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் நடந்தன. மாசியில் காமன் கூத்து அங்கேதான். ஒரே நிலம் அடிமைத்தனத்துக்கும் ஆட்டத்துக்கும் கூத்துக்கும் பயன்பட்டது என்பதைக் கவனித்தால், விளையாட்டு தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த நாகரிகம் என்ற எண்ணம் தகர்ந்துவிடும்.

வெளியிலிருந்து வந்து மலையகத்தில் வேர்விட்ட ஆட்டம் கரப்பந்தாட்டம். 1916இல் கொழும்பில் வை.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த வால்டர் கெமெக் இலங்கைக்கு அதை அறிமுகப்படுத்தினார். 1991இல் அது நாட்டின் தேசிய விளையாட்டானது. தோட்டங்களில் அது பரவியதற்கு நான் காணும் விளக்கம் மிக எளியது. ஆடுகளத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும். ஒரு வலை, ஒரு பந்து, சமப்படுத்திய ஒரு மேடை. உதைபந்துக்கு வேண்டிய நூறு மீற்றர் சமதரை பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளுக்கு இல்லை. பந்து ஒருமுறை எல்லை தாண்டினால் மூன்று மலை கீழே தேயிலைக்குள் தேட வேண்டும்.

நியமனக் கடிதம்

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலை அதன் ஓரத்தில் நின்றது. 1940களின் திருத்தங்கள் அரசு அவற்றைப் பொறுப்பேற்க வழிவைத்தபோதும், ஏற்கப்பட்டவை மிகச் சில. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழ் மக்களைப் பிரஜைகள் அல்லாதவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாதவரின் பாடசாலைக்காக எந்த அரசியல்வாதி பாராளுமன்றத்தில் எழுந்து நிற்பார்? 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன.

திருப்பம் காணிச் சீர்திருத்தத்தோடு வந்தது. 1972, 1975 சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அதைத் தொடர்ந்து பாடசாலைகள் கட்டம் கட்டமாகக் கல்வித் திணைக்களத்துக்கு மாறின. வாத்தியார் முதன்முறையாக நியமனக் கடிதம் பெற்ற அரச ஊழியரானார். ஓய்வூதியமும் பதவி உயர்வும் இடமாற்றமும் அவருக்கு வந்தன. துரையின் மேசையிலிருந்து விடுதலை கிடைத்தது. கூடவே, போய்விடும் உரிமையும் கிடைத்தது. வலப்பனை போன்ற வலயத்துக்கு இது இருபக்கக் கத்தியாயிற்று. பஸ் வசதி குறைந்த மேல் தோட்டத்துக்கு நியமனம் பெற்றவர், நகரத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பிப்பது இன்றுவரை தொடர்கிறது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளூரிலேயே ஆசிரியரை உருவாக்குவதுதான் வழி என்ற எண்ணம் 1960களிலேயே ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியைச் சுற்றி வலுப்பட்டது. இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் வகுப்பறைக்கு வெளியே இளைஞர்களைத் திரட்டினார்கள். 1980களில் சுவீடனின் சீடா நிறுவன உதவியுடன் தோட்டப் பாடசாலைக் கட்டடங்கள் எழும்பின. தோட்டத்து இளைஞர்கள் ஆசிரியராகச் சேர்க்கப்பட்டார்கள். கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை அவர்களைப் பயிற்றியது. பத்தனையில் ஜெர்மனிய உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி 1990களில் செயற்படத் தொடங்கியது. இரண்டாண்டு தங்கிப் பயின்று ஓராண்டு பாடசாலையில் கட்டுறுபயிற்சி பெறும் முறை, இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ பிறந்த பிள்ளை ஆசிரியராகத் தன் வலயத்துக்கே திரும்பி வரும் வாய்ப்பைத் திறந்தது. அங்கே மலையக மாணவருக்கு எத்தனை இடம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயவும் கூடாது.

பின்னோக்கிய அடி 2014–15இல் வைக்கப்பட்டது. பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்குச் சுமார் 3,000 பேர் ‘ஆசிரிய உதவியாளர்’ என்ற பெயரில் எடுக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆனது. 2013 கூட்டு ஒப்பந்தப்படி, முழு வருகை காட்டிய தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 620 ரூபா கிடைத்தது. கொழுந்தெடுக்கும் தாயின் பத்துநாள் கூலியைவிடக் குறைந்த தொகைக்கு, உயர்தரம் சித்தியடைந்த மகள் மாதம் முழுவதும் வகுப்பெடுத்தாள். பதவியின் பெயரில் ‘ஆசிரிய’ என்ற சொல் இருந்தது. சம்பளத் திட்டத்தில் ஆசிரியர் இல்லை. நிரந்தரமாக்கக் கோரி அவர்கள் வீதிக்கு இறங்கியதில் வியப்பில்லை.

விடுமுறை ஆட்டம்

மைதானத்தின் கதை இவ்வளவு தூரம் வரவில்லை. பாடசாலை அரசுக்கு மாறியது, அதைச் சுற்றிய நிலம் தோட்டத்திடமே நின்றது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனபின் பேச வேண்டிய தரப்பு இன்னும் கூடியது. பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் என்ற கொள்கை முடிவு கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நில அளவை முடிந்து, வேலி போட்டு, கையளிக்கப்பட்ட காணிக்கும் அந்த முடிவுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. பெரிய மைதானம் அமைந்த இடங்களில் அது வேறு காரியங்களுக்குப் புகழ்பெறுகிறது. நோர்வூட் மைதானத்தை வெளிநாட்டார் அறிந்தது, 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அங்கே உரையாற்றியதால்.

1973இன் விளையாட்டுச் சட்டமும் 1979இல் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கு ஒரு பெயரையும் பதிவையும் கொடுத்தன. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் மென்பந்துக் கிரிக்கெட், கரப்பந்துச் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் அதற்கென்றே ஊர் வருகிறார்கள். காசு திரட்டுவது முதல் கிண்ணம் வாங்குவது வரை அவர்கள் பொறுப்பு. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் ஆய்வாளர், தோட்டத்தில் இன்று உயிரோடிருக்கும் முக்கிய சமூக அமைப்பொன்றைத் தவறவிடுகிறார்.

பாடசாலைப் பக்கம் இல்ல விளையாட்டுப் போட்டிகள் முதலாம் தவணையில் வரும், பிறகு கோட்டம், வலயம், மாகாணம், தேசியம். இங்கே யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், டிம்புள்ளைப் பக்கம் வெயில் காலம். அங்கே தரமான தேயிலை கிடைப்பதும் அப்போதுதான். கிழக்குச் சரிவான உடப்புசல்லாவைப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை நீளும். இங்கே நிலம் காய்ந்து காற்று வீசும் காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அதாவது, வலப்பனைப் பிள்ளைகள் பயிற்சி தொடங்க வேண்டிய நேரத்தில் மைதானம் சேறாக இருக்கும். மைதானம் காய்ந்திருக்கும் ஆகஸ்ட் விடுமுறையில் பாடசாலை மூடியிருக்கும். ஆகஸ்டில் வலய மட்டத்தில் மெய்வல்லுநர், கரப்பந்துப் பயிற்சி முகாம் ஒன்றை ஒழுங்குபடுத்துவதற்குக் காலநிலை முழுச் சம்மதம் தருகிறது. உடற்கல்விக்கெனத் தனி ஆசிரியர் இல்லாத சிறிய பாடசாலைகள் சில சேர்ந்து, கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி பயின்ற ஒருவரைப் பகிர்ந்துகொள்ளவும் முடியும். அப்படி ஒரு முகாமுக்கு ஓடுபாதை கீற வேண்டிய சமதரை தோட்டத்து மைதானமாக இருந்தால், அனுமதி கேட்டு அதிபர் எழுதும் கடிதம் இப்போதும் தோட்ட முகாமையாளரின் பெயருக்கே போக வேண்டும்.