மூட்டை இறக்கும் இடம்

அரபு மொழியில் புகைவண்டி நிலையத்தை ‘மஹத்தா’ என்பர். ‘ஹத்த’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. சுமையை இறக்கி வைத்தான் என்பது அவ்வினையின் பொருள். ஒட்டகத்தின் முதுகிலிருந்து மூட்டையை அவிழ்த்துக் கீழே வைக்கும் இடமே மஹத்தா. தமிழில் நாம் ‘நிலையம்’ என்கிறோம். வண்டி நிற்பதைக் கண்டு பெயரிட்டோம் நாம். மனிதன் சுமை இறக்குவதைக் கண்டு பெயரிட்டார்கள் அவர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி செல்லும் கிளைப் பாதையில் உள்ள தோப்புத்துறை நிறுத்தத்தை நினைக்கும்போதெல்லாம் அரபுச் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தக் கிளைப் பாதையின் வரலாறு அதன் தாய்ப் பாதையில் தொடங்குகிறது. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. இதைப் போட்டது வெள்ளையர் கம்பெனியின் முதல் அன்று. தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து ஒரு தனி வரி விதித்து, அந்தப் பணத்தை அடிப்படையாகக் கொண்டு போட்ட பாதை அது. வண்டியை ஓட்டியது மட்டுமே தென்னிந்திய ரயில்வே. நெல் விளைத்தவனும் தென்னை வைத்தவனும் கொடுத்த காசு அந்தத் தண்டவாளத்தில் கிடக்கிறது. ஏறியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? எனக்கே நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளைப் பாதை உப்பளங்களை நோக்கிச் சென்றது. வேதாரணியத்தையும் அகஸ்தியம்பள்ளியையும் கடந்து கோடிக்கரை வரையிலும் ஒரு காலத்தில் வண்டி ஓடிற்று. 1930-இல் ராஜாஜி தம் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பெடுத்தது இந்த அகஸ்தியம்பள்ளியில்தான். வேதாரணியத்துக்கு அன்று ரயில் இருந்தது. இருந்தும் அவர்கள் ஊர் ஊராக நடந்தே வந்தார்கள். வண்டியில் வந்திருந்தால் வழியிலுள்ள ஊர்கள் அவர்களைக் கண்டிருக்க மாட்டா.

இத்தகைய பாதைகளில் ‘ஹால்ட்’ எனப்படும் நிறுத்தங்களைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பெரிய நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார். அடுத்த நிலையத்தாரோடு பேசி, நடுவிலுள்ள பாதை காலியாக உள்ளதென உறுதி செய்து, அதன் பின்னரே வண்டியை விடுவார். ஒற்றைப் பாதையில் அந்த அனுமதிக்கு அடையாளமாக இரும்புப் பந்து ஒன்றை ஓட்டுநரிடம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஹால்ட்டில் இவை எவையும் இல்லை. கைகாட்டி இல்லை, பந்து இல்லை, மாஸ்டர் இல்லை. இரு பெரிய நிலையங்களுக்கு இடையில், கால அட்டவணை சொல்வதால் மட்டும் வண்டி அங்கே நிற்கிறது. கார்டு கொடி காட்டக் கிளம்புகிறது. பல ஹால்ட்டுகளில் பயணச்சீட்டு விற்பவர்கூட ரயில்வே ஊழியர் அல்லர். உள்ளூர்க்காரர் ஒருவர் சீட்டுகளைப் பெரிய நிலையத்தில் காசு கொடுத்து வாங்கி வந்து, விற்றதற்குத் தரகு பெறுவார். ஆகவே ஓர் ஹால்ட்டைப் பற்றி அரசாங்கம் அறிந்திருப்பது ஒன்றே: எத்தனை சீட்டு விற்றது என்பது. அந்தக் கணக்கு குறைந்தால் நிறுத்தம் எடுபடும்.

நம் குடும்பங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் தடுமாறும் இடமும் இதுவே. தோப்புத்துறை போன்ற ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வின் பெயரைக் கேளாத முதியவர் இக்கரையில் இல்லை. கப்பலில் ஏறியவனுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, கடவுச்சீட்டு உண்டு, இறங்கிய துறைமுகத்தில் முத்திரை உண்டு. ஊரிலிருந்து நாகப்பட்டினம் வரை வந்த வழிக்கு என்ன சான்று? அட்டைச் சீட்டு ஒன்று. அதையும் பயணம் முடியும் இடத்தில் கதவருகே வாங்கிக்கொள்வார்கள். என் பாட்டனார் பினாங்குக்குப் போனபோது வீட்டில் எஞ்சியது பாட்டியாரின் வாய்மொழி மட்டுமே. தகரப் பெட்டியை முதலில் ஏற்றினார்கள்; தலையணை உறைக்குள் போட்டிருந்த அரிசிமாவு உருண்டைகளைச் சன்னல் வழியே கொடுத்தார்கள்; வண்டி நகர்ந்த பின்னும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காததைப் பாட்டியார் குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபில், நெடும்பயணம் புறப்படுபவன் ஊரின் கடைசிக் கட்டடத்தைக் கடந்த பிறகே முஸாஃபிர் ஆகிறான். தொழுகையைச் சுருக்கும் சலுகையும் அதன் பின்னரே. ஹால்ட்டுகள் பல, ஊருக்குச் சற்று வெளியே, வயலிலோ உப்புவெளியிலோ நிற்கின்றன. ஆதலால் வழியனுப்ப வந்தவர்கள் முழுத் தொழுகைக்காரர்கள். பெட்டியோடு நிற்பவர் மட்டும் முஸாஃபிர். ஒரே வேப்பமர நிழலில் இரு சட்டங்கள்! மதரஸாவில் இந்தப் பாடத்தை நடத்தும்போது கிதாபிலுள்ள கோட்டை மதிலை விளக்குவதைவிட ஹால்ட்டை எடுத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

கடல்வழி முதலில் அடைபட்டது. 1985-இல் ‘சிதம்பரம்’ கப்பலில் தீ பற்றியதோடு அந்தப் பயணமும் முடிவுக்கு வந்தது. மக்கள் விமானத்துக்கு மாறினார்கள். விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் போனார்கள். உப்பும் லாரிக்கு மாறிற்று. பிறகு மீட்டர் பாதையில் வண்டியும் நின்றது. அகலப்பாதை வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ரயிலைப் பற்றி அப்போது கேட்பாரில்லை; கூரைக்குத் தார்ப்பாய் கேட்டுக்கொண்டிருந்தோம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வண்டி இல்லாமல் இருந்து, 294 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரல் 8-இல் திறக்கப்பட்டது. அப்போது நாம் ரமலான் நோன்பிலிருந்தோம்.

பிறகொரு நாள் நானும் போய் வந்தேன். ஹால்ட்டில் ஏறுபவன் சீட்டு வாங்காவிட்டால் அவன் ஏறியதாகவே கணக்கில்லை என்று அறிந்திருந்ததால், ஒரு வழியே போதுமென்று மகன் சொல்லியும் கேளாமல், திருத்துறைப்பூண்டியிலேயே இருவருக்கும் போக வரச் சீட்டு எடுத்தேன். தோப்புத்துறையில் எங்களோடு ஒரு மூதாட்டியும் இறங்கினார். கார்டு பச்சைக்கொடி காட்டினார். வண்டி உப்புவெளியை நோக்கிப் போயிற்று. மேடையில் மூவரைத் தவிர எவரும் இல்லை. மூதாட்டி தம் பையைக் கீழே வைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க, வாப்பா?” என்று என்னைக் கேட்டார். பாட்டனார் பெயரைச் சொன்னேன். சற்று யோசித்து, “பெனாங்குக்காரர் வீடா?” என்றார்.