எரிமலை நிழலில் ஒரு வெள்ளைக்காரத் தெருவும், நம்ம மதுரைவீரனும்

போன வருஷம் எங்கள் வகுப்பில் பாண்டிச்சேரிக்கு டூர் போனோம். எல்லோரும் போல நாங்களும் வெள்ளைக்காரத் தெருக்களில் மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்தோம். காகிதப்பூ தொங்கும் காம்பவுண்ட், மர ஜன்னல், நீலப் பலகையில் தெருப் பெயர். அதில் ஒரு தெருவின் பெயர் லபூர்தொனே. யார் இந்த ஆள் என்று கேட்டேன். "எவனோ பிரெஞ்சுக்காரன்டா, போட்டோவுக்கு நில்லு" என்றான் நண்பன். நின்றேன்.

ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தேடிப் படித்தபோது அது என்னை இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஒரு எரிமலைத் தீவில் கொண்டுபோய் விட்டது. சுற்றி வந்து கடைசியில் மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் வந்து நின்றது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லபூர்தொனே. 1735 முதல் மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இரண்டு தீவுகளுக்கும் பிரெஞ்சுக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர். 1746ல் கப்பல் படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் இவரேதான்! பள்ளிக்கூடப் பாடத்தில் டூப்ளேவைப் படித்த நமக்கு இவரை அவ்வளவாகத் தெரியாது. ரீயூனியனின் தலைநகரை செயின்ட் பால் என்ற ஊரிலிருந்து செயின்ட் டெனிஸுக்கு மாற்றியவர் இவர்தான். அது நடந்தது 1738ல்.

சரி, அந்தத் தீவுக்குப் போவோம். (மனசால்தான். பிளைட் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அந்த ஆசையைத் தள்ளி வைத்திருக்கிறேன்.)

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ரீயூனியன். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், நம்ம மதுரை மாவட்டத்தை விடச் சிறியது. இன்றும் பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. 1946ல் காலனி என்ற பெயர் போய் பிரான்ஸின் ஒரு மாகாணம் ஆனது. நாணயம் யூரோ.

தீவு முழுவதுமே கடலுக்கு அடியிலிருந்து எழுந்த எரிமலைதான். இரண்டு பெரிய மலைகள். ஒன்று பிட்டோன் தே நேழ், அதாவது பனிச் சிகரம். உயரம் 3,070 மீட்டர். இது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தூங்குகிறது. இன்னொன்று பிட்டோன் த லா ஃபூர்னேஸ், அதாவது உலைச் சிகரம். உயரம் 2,632 மீட்டர். இது தூங்குவதே இல்லை. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பரவையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நாகமலை தெரியும். அது அசையாத மலை, பாம்பு கல்லாகிப் போன கதை மட்டும் சொல்லும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நெருப்பைக் கக்கும் மலையைக் கற்பனை செய்வதே கஷ்டமாகத்தான் இருந்தது.

சுற்றுலாப் பயணிகள் செயின்ட் டெனிஸில் முதலில் பார்ப்பது பாரிஸ் தெரு. கடற்கரையில் தொடங்கி மலைப் பக்கம் ஏறும் நேரான தெரு. இரண்டு பக்கமும் 19ஆம் நூற்றாண்டுப் பணக்காரர்களின் வீடுகள். முன்னால் தோட்டம், தூண் வைத்த வராந்தா, கூரை ஓரத்தில் சரிகை போல வெட்டிய பலகை அலங்காரம். தெருவின் மேல் முனையில் கம்பெனி காலத்துத் தாவரத் தோட்டம். அதற்குள் 1855ல் திறந்த இயற்கை வரலாற்று மியூசியம். கடற்கரைப் பக்கம் அரசு அலுவலகம். அது முதலில் கம்பெனியின் சரக்குக் கிடங்காக இருந்த கட்டிடம். பாண்டிச்சேரியைப் பார்த்தவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான ஊர் போலத்தான் தெரியும்.

ஆனால் எரிமலையை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்றால் எல்பூர் போக வேண்டும். சலாசி என்ற பெரிய மலைக் கிண்ணத்துக்குள் இருக்கும் கிராமம். 1830களில் அங்கே வெந்நீர் ஊற்று கிடைத்தது. கரையோரத்துப் பணக்காரர்கள் வெயில் காலத்தில் குளிக்கவும் ஓய்வெடுக்கவும் வந்தார்கள். நம்ம கொடைக்கானல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோலியோ மாளிகை போன்ற மர வீடுகள் இன்றும் இருக்கின்றன. தலையைத் தூக்கினால் பனிச் சிகரத்தின் சுவர்கள். இந்த மலைக் கிண்ணங்களும் சிகரங்களும் 2010ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

உலைச் சிகரம் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. 1977 ஏப்ரலில் அதன் குழம்பு வழக்கமான எல்லையைத் தாண்டி பிட்டோன் செயின்ட் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. மக்களை வெளியேற்றிவிட்டார்கள். வீடுகள் எரிந்தன. சர்ச் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விட்டது! இன்று அந்த சர்ச்சுக்குப் பெயரே எரிமலைக் குழம்பு மாதா கோயில். இந்த வெடிப்புக்குப் பிறகுதான் எரிமலையைக் கண்காணிக்க அங்கே ஒரு ஆய்வு நிலையம் அமைத்தார்கள். 2007 ஏப்ரல் வெடிப்பில் சிகரத்தின் உச்சியிலிருந்த பள்ளமே 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது.

இதுவரை சொன்னது எந்த டூரிஸ்ட் கையேட்டிலும் இருக்கும். நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அந்த அழகான வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முதலில் காப்பி, பிறகு கரும்பு. யார் உழைத்தார்கள்? ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகள். கம்பெனி காலத்தில் நம்ம கரையிலிருந்து போன அடிமைகளும் கைவினைஞர்களும்கூட அதில் இருந்தார்கள். 1848 டிசம்பர் 20ல் அங்கே அடிமை முறை ஒழிந்தபோது சுமார் 62,000 பேர் விடுதலை ஆனார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? அப்போதுதான் முதலாளிகளின் கண் முழுசாக நம் பக்கம் திரும்பியது.

முழுசாக என்று சொல்லக் காரணம், இதற்கு முன்பே ஒரு சின்ன முயற்சி நடந்திருக்கிறது. 1828ல் ஏனாமிலிருந்து ஒரு சிறு கூட்டம் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியனுக்குப் போனது. அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரி கவர்னராக இருந்தவர் தெபாசேன் த ரிஷ்மோன். பாண்டியில் இன்று ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கும் நூலகம் 1827ல் இவர் காலத்தில்தான் தொடங்கியது. நூலகம் கொடுத்த நல்ல கவர்னர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தெபாசேன் குடும்பம் ரீயூனியனின் மிகப் பெரிய தோட்ட முதலாளிக் குடும்பம்! அந்தக் குடும்பத்துத் தலைவி மேடம் தெபாசேனிடம் நூற்றுக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். அவர் இறந்தது 1846ல், அடிமை ஒழிப்புக்கு இரண்டே வருஷம் முன்னால். அவர் வீடு இப்போது வில்லேல் மியூசியம்.

தீவு மக்களிடம் ஒரு நம்பிக்கைக் கதை உண்டு. எரிமலை வெடிக்கும்போதெல்லாம் உள்ளே மேடம் தெபாசேனின் ஆவி வெந்துகொண்டிருக்கிறதாம். சட்டப்படி கேட்க முடியாத நியாயத்தை ஜனங்கள் மலையிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கொடுமைக்கு ஆளானவர்கள் செத்தவர்களை வைத்துக் கதை கட்டுவது நமக்குப் புதுசா என்ன? நம்ம ஊர் காவல் தெய்வங்களில் பாதிப் பேருக்குப் பின்னால் ஒரு அநியாயச் சாவு இருக்கிறது.

1848க்குப் பிறகு பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் போனது. 1860ல் ஆங்கிலேய அரசோடு பிரான்ஸ் ஒப்பந்தம் போட்ட பிறகு ஆங்கிலேயப் பகுதியிலிருந்தும் சட்டப்படியே ஆள் எடுத்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆசை காட்டி ஆள் பிடித்துக் கொடுக்க மேஸ்திரிகள் இருந்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் திரும்பி வரலாம் என்பது காகிதத்தில் இருந்தது. தீவில் இறங்கியவர்களை கிராண்ட் ஷலூப் என்ற பள்ளத்தாக்கில் கட்டிய தனிமை முகாமில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்த முகாமும் இன்று ஒரு மியூசியம். அடி, பட்டினி, சம்பளப் பிடித்தம் என்று புகார்கள் குவிந்தன. 1877ல் இரண்டு அரசுகளும் சேர்ந்து விசாரணைக் குழு வைத்தன. 1882ல் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். அதில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அவர்களை அங்கே மலபார் என்று கூப்பிட்டார்கள். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தென்னிந்தியாவிலிருந்து வந்த எல்லோருக்கும் அதே பெயர்தான். நமக்கு இன்ஷியல்தான் பழக்கம். ஆனால் அங்கே பதிவேட்டில் எழுதிய ஒற்றைப் பெயர் பரம்பரைப் பெயராகிவிட்டது. ராமசாமி, வீராசாமி, சுப்பிரமணியன் என்று பிரெஞ்சு எழுத்தில் இன்றும் பேரன் பேத்திகளின் பெயருக்குப் பின்னால் நிற்கின்றன. பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் அவர்கள் பேசும் கிரியோல் மொழியில் கலூபிலே என்றால் கருவேப்பிலை, கொத்தோமிலி என்றால் கொத்தமல்லி, மசாலே என்றால் மசாலா. மொழி போன பிறகும் அடுப்படி போகவில்லை பாருங்கள்!

சாமியும் போகவில்லை. முதல் கோயில்கள் கரும்பு ஆலைகளுக்குப் பக்கத்திலேயே, முதலாளியின் நிலத்திலேயே எழுந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவர்களே தீமிதிக்கும் வந்தார்கள். தீமிதியின் தெய்வம் பாண்டியாலே, அதாவது நம்ம பாஞ்சாலி. மினிஸ்ப்ரென் என்றால் முனீஸ்வரன். பெத்தியாயே என்றால் பேச்சியாயி. அப்புறம் கையில் வாளோடு ஒரு காவல்காரர், மர்தேவிரென். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஆமாம், மதுரைவீரன்!

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை வைத்து மதுரைக்காரர்கள் அங்கே போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் எத்தனையோ கிராம எல்லையில் மதுரைவீரன் இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களும் கொண்டுபோயிருக்கலாம். ஆனாலும் அரசன் கட்டளையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட ஒருவரைத்தான் அந்தக் கூலிகள் கப்பலில் மனசுக்குள் வைத்துக் கூட்டிப்போனார்கள் என்பதை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. அதிகாரத்திடம் அடிபட்டவனுக்கு, அதிகாரத்தால் வெட்டுப்பட்ட சாமிதான் காவல்.

இதை நண்பனிடம் சொன்னேன். "அதுக்காகப் பாண்டிச்சேரியில போட்டோ எடுக்கக் கூடாதுங்கறியா?" என்றான். நியாயமான கேள்வி. எடுக்கலாம். அந்த வீடுகள் அழகுதான், அதைக் கட்டிய கொத்தனாரும் தச்சரும் பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான். மறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீலப் பலகையில் இருக்கும் பெயர் யாருடையது, அந்தத் துறைமுகத்திலிருந்து ஏறிப் போனவர்களின் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்கிறேன். ரீயூனியனில் முதலாளி வீட்டையும் மியூசியமாக்கி, கூலிகளை அடைத்து வைத்த முகாமையும் மியூசியமாக்கியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் மதுரைவீரன் சந்நிதி இருக்கிறது. சின்ன வயசிலிருந்து எத்தனை தடவை அவசரமாகத் தாண்டிப் போயிருப்பேன்! போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனபோது நின்றேன். "என்னடா புதுசா இங்க நிக்கிற?" என்று அம்மா கேட்டார்கள். எரிமலை, கரும்பு, கப்பல் என்று வரிசையில் நின்றபடி எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது முழுக் கதையையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், "போனவங்க யாரும் திரும்பி வந்தாங்களாடா?"

சிலர் வந்தார்கள், ரொம்பப் பேர் வரவில்லை என்றேன்.

உங்கள் வீட்டில் யாராவது கப்பல் ஏறிப் போனதாகத் தாத்தா பாட்டி பேச்சில் கேட்டிருந்தால், அந்தப் பெயரை மறக்கும் முன் எழுதி வையுங்கள்.