வளிமண்டல எல்லைப்படலக் கொந்தளிப்பு மாதிரிகள்

நிலத்தின் உராய்வையும் வெப்பத்தையும் நேரடியாக வாங்கிக்கொள்ளும் காற்றடுக்கு வளிமண்டல எல்லைப்படலம். வெயில் காயும் பகலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை உயரும் இது, தெளிந்த இரவில் சில நூறு மீட்டருக்குள் ஒடுங்கிவிடும். கிலோமீட்டர் அகலச் சுழிகள் உடைந்து உடைந்து மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து மறைகின்றன. வெப்பமும் ஈரமும் புகையும் அவற்றோடு மேலேறி இறங்குகின்றன. வானிலைக் கணிப்பிலோ ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம். அதற்குள் அடங்கிப்போகும் சுழிகளின் விளைவைத் தோராயமாக மதிப்பிட்டுச் சேர்ப்பது கொந்தளிப்பு மாதிரியின் வேலை.

கணினி வேகம் கூடினால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1895-இல் செய்ததுபோல் ஓட்டச் சமன்பாடுகளுக்குச் சராசரி எடுத்தால் தெரியாத கணியங்கள் புதிதாக முளைக்கும். அவற்றுக்குச் சமன்பாடு எழுதினால் இன்னும் முளைக்கும். எங்கோ ஓரிடத்தில் அனுபவ விதி ஒன்றால் அந்தச் சங்கிலியை அறுத்தாக வேண்டும். லுட்விக் பிராண்டில் 1925-இல் தந்த கலப்பு நீளம் (சுழி ஒன்று சுற்றுக்காற்றில் கலந்துபோகுமுன் கடக்கும் தொலைவு) அத்தகையது.

தரையை ஒட்டிய சில பத்து மீட்டருக்கு இன்றும் ஆதாரம், மோனினும் ஒபுகோவும் 1954-இல் வெளியிட்ட ஒப்புமைக் கோட்பாடு. உராய்வையும் வெப்பப் பாய்வையும் கொண்டு அது ஒரு நீளத்தை வரையறுக்கிறது. உயரத்தை அந்நீளத்தால் வகுத்துவிட்டால், வெவ்வேறு நாட்களின் அளவீடுகளும் ஒரே வளைகோட்டில் விழ வேண்டும். வளைகோடு எப்படி இருக்கும் என்று கோட்பாடு சொல்லாது. வயலில் இறங்கி அளந்துதான் பார்க்க வேண்டும். 1968 கோடையில் அமெரிக்காவின் கான்சாஸில், கோதுமை அறுத்த தாள் நிலத்தில் 32 மீட்டர் கோபுரம் நிறுத்தி, ஒலியலைக் காற்றுமானிகளால் அளந்தார்கள். புள்ளிகள் அழகாகவே சேர்ந்தன. ஆனால் தரையருகே காற்றின் வேகம் உயரத்தோடு கூடும் விதத்தைக் கணிக்க உதவும் வான் கார்மன் மாறிலி வழக்கமான 0.4 ஆக இல்லாமல் 0.35 என்று வந்தது. கோபுரமும் கருவிகளுமே காற்றைக் கலைத்திருக்கலாம் என்ற ஐயம் நெடுங்கால விவாதமானது. இன்று புழக்கத்தில் இருப்பது 0.4-ஐ ஒட்டிய மதிப்பே.

ஜேம்ஸ் டியர்டார்ஃப் 1970-களின் தொடக்கத்தில் வேறு வழி எடுத்தார்: பெரிய சுழிகளை நேரடியாகக் கணித்து, சிறியவற்றுக்கு மட்டும் மாதிரி. பகல்நேர எல்லைப்படலத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கட்டத்தின் அகலமும் சுழியின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகும்போது மட்டும் பழைய முறையும் செல்லாது, புதியதும் செல்லாது. ஜான் விங்கார்ட் 2004-இல் சுட்டிய இடைவெளி அது.

உண்மையான தலைவலி இரவில்தான். குளிர்ந்து படிந்த காற்றில் கொந்தளிப்பு விட்டுவிட்டு வரும். ஒப்புமைக் கோட்பாடும் தடுமாறும். அளவீடு காட்டுவதைவிடக் கூடுதலான கலப்பையே கணிப்பு மாதிரிகள் பல காலமாக வைத்திருக்கின்றன. அதைக் குறைத்தால் தரைக்கு அருகில் வீசும் இரவுக் காற்று சரியாக வருகிறது. மிதவெப்ப மண்டலப் புயல்களோ அளவுக்கு மீறி வலுத்துவிடுகின்றன.