படச்சட்டத்துக்குள் நம் மக்கள்

ஒரு படம் எடுக்கும்போது நாம் செய்வது என்ன? விரிந்து கிடக்கும் காட்சியில் ஒரு பகுதியை நான்கு கோடுகளுக்குள் அடைக்கிறோம். எஞ்சியதை வெளியே விட்டுவிடுகிறோம். உள்ளே வருபவர் நினைவில் நிற்கிறார். வெளியே நிற்பவர் மறைந்துபோகிறார். இதற்குச் சிங்கப்பூரின் வரலாறே சான்று.

மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா நாகூர் வழிவந்த குடும்பத்தவர், தமிழும் கற்றவர். பளபளக்கும் உலோகத் தகடொன்றில் சிங்கப்பூர் நகரம் அப்படியே பதிந்திருக்கக் கண்டு வியந்ததை, 1849இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். அக்காலத் தகட்டில் உருவம் பதிய நெடுநேரம் பிடிக்கும். அசையாத கட்டடம் தெளிவாகப் பதியும். மூட்டை சுமந்து நடந்தவரோ பதியமாட்டார், அல்லது புகைபோலத் தெரிவார். மிகப் பழைய வீதிப் படங்கள் ஆளரவமின்றித் தோன்ற இதுவும் ஒரு காரணம். உழைத்தவர்கள் வீதியில் இருந்தார்கள், படத்தில்தான் இல்லை.

1867இல் லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் சிங்கப்பூரில் படநிலையம் திறந்தார். அந்த நிறுவனம் விற்ற படங்களில் தமிழர்களும் உண்டு. ஆனால் இத்தகைய படங்களின் அடியில் பெரும்பாலும் இனத்தின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது.

1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஒரு படத்தைப் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. 1995இல் வந்த கேசியோ கியூவி-10 என்ற சிறு கேமராவின் பின்புறத்தில் ஒரு திரை இருந்தது. அதற்குமுன் சிறிய கேமராக்களில் பார்க்கும் துளை வேறு, படம்பிடிக்கும் வில்லை வேறு. கிட்ட நின்று எடுத்தால் தலை வெட்டுப்படும். திரையிலோ வில்லை காண்பதையே நாமும் காண்கிறோம். பிழையானால் உடனே மறுபடி எடுக்கிறோம்.

ஆகவே, தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு தேக்காவுக்கும் சிராங்கூன் சாலைக்கும் போகும்போது சிலவற்றை நினைவில் கொள்வோம். கோபுரம் முழுவதும் விழ வேண்டுமென்று தூர விலகினால், அம்மாவின் முகம் கடுகாகிவிடும். கோபுரத்துக்கு ஒரு படம், முகங்களுக்கு ஒரு படம் என்று பிரித்து எடுப்போம். வெயில் அவர்கள் முதுகுப்பக்கம் அடித்தால் முகம் இருண்டுவிடும். இடம் மாற்றி நிறுத்துவோம். கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடியின் தூண்களே நல்ல சட்டமாக அமையும். ஓரத்தில் தெருப்பலகை தெரிந்தால், எந்த இடம் என்பது பேரப்பிள்ளைக்கும் விளங்கும். பூக்கட்டுபவரைப் படமெடுக்க விரும்பினால், முதலில் அவரிடம் கேட்போம், பெயரையும் அறிந்துகொள்வோம்.

எடுத்தவற்றில் நல்லதை அச்சிட்டு, அதன் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வைப்போம். பெயரில்லாமல் படத்தில் நின்ற காலம் நம் முன்னோரோடு போகட்டும்.